ரெண்டு விரல் இரும்புக்குப் பத்துத் தேங்காய்

சீனக் கணக்கில் 672ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம், ஒரு புத்தத் துறவி எங்கள் பக்கத்தில் கப்பல் ஏறினார். பெயர் இத்சிங். எங்கள் பக்கம் என்றால் மலேசியாவின் கெடா மாநிலம், ஜெராய் மலையைச் சுற்றிய பகுதி. அன்றைக்குக் கடாரம். இன்றைக்கு பீடோங், செமெலிங், மெர்போக் என்று செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் சின்னச் சின்ன டவுன்கள். நான் பிறந்தது பீடோங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். சரித்திரம் என்றால் தஞ்சாவூரிலும் மதுரையிலும் நடந்தது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்த பல ஆயிரம் பேரில் நானும் ஒருவன்.

இத்சிங் 671இல் சீனாவின் கண்டன் துறைமுகத்திலிருந்து ஒரு பாரசீகருடைய கப்பலில் கிளம்பியவர். இந்தியாவுக்குப் போய் மூல நூல்களைப் படிக்க வேண்டும் என்பது ஆசை. நேராகப் போகவில்லை. சுமத்ராத் தீவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து சமஸ்கிருத இலக்கணம் படித்தார், அப்புறம் அதே தீவின் மலாயு, அதற்கப்புறம் கடாரம். இங்கிருந்து ராஜாவின் கப்பலில் வடக்கே பத்து நாளுக்கு மேல் போனதும் ஒரு தீவு வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'அம்மண மக்கள் நாடு'. நிக்கோபார் தீவுகள்தான் அது என்பது பொதுவான கருத்து.

அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கரை ஓரமெல்லாம் தென்னையும் பாக்கும். கப்பலைக் கண்டதும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு படகுகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து மொய்க்கின்றன. தேங்காய், வாழைப்பழம், பிரம்பிலும் மூங்கிலிலும் பின்னிய சாமான்கள். பதிலுக்கு அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று, இரும்பு. ரெண்டு விரல் அளவு இரும்புத் துண்டு கொடுத்தால் ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கிடைக்கும். ஆண்கள் உடம்பில் துணியே இல்லை, பெண்கள் இலையால் மறைத்திருக்கிறார்கள். வியாபாரிகள் கேலியாகத் துணியை நீட்டினால், வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுகிறார்கள். அவர்கள் பின்னும் பிரம்புப் பெட்டிக்கு ஈடாக வேறெங்கும் இல்லை என்று இத்சிங் பாராட்டவும் செய்கிறார். கடைசியில் ஒரு விஷயம்: பண்டமாற்றுக்கு ஒப்புக்கொள்ளாத கப்பல் மீது விஷ அம்பு விடுவார்களாம். பட்டால் உயிர் தங்காது.

இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ரெண்டு விதமாகச் சிரிப்பார்கள். துணி வேண்டாம் என்றார்களே என்று ஒரு சிரிப்பு, துண்டு இரும்புக்குப் பத்துத் தேங்காயைக் கொடுத்து ஏமாந்தார்களே என்று இன்னொரு சிரிப்பு. எனக்கு ரெண்டுமே சரியாகப் படவில்லை. அந்தத் தீவில் இரும்பு கிடையாது என்று இத்சிங்கே எழுதியிருக்கிறார். தேங்காய் மரத்திலிருந்து தானாக விழும், இரும்பு விழாது. ரெண்டு விரல் இரும்பைத் தட்டித் தீட்டினால் மீன் குத்தும் ஈட்டி முனை ஆகும், பிரம்பு சீவும் கத்தி ஆகும். சீனப் பட்டும் இந்தியப் பருத்தியும் கப்பலில் இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டு இரும்பைக் கேட்டவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? விஷ அம்பைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வாங்காமல் போகிற வாடிக்கையாளர் மேல் எல்லாக் கடைக்காரருக்கும் கோபம் உண்டு.

அந்த இரும்பு எங்கேயிருந்து கப்பலில் ஏறியது என்று இத்சிங் எழுதவில்லை. ஆனால் செமெலிங் போகும் சாலையில் சுங்கை பத்து என்று ஒரு இடம் இருக்கிறது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்டு, அடியில் செங்கல் மேடைகள், படகுத்துறை என்று சொல்லப்படும் கட்டடங்கள், இரும்பு உருக்கிய களங்கள். சில கட்டடங்களின் வயதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே நடக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. அங்கே பல நூற்றாண்டுகள் இரும்பு உருக்கினார்கள் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

அங்கே பார்க்க வேண்டியது துருத்திக் குழாய்கள். உலைக்குள் காற்று ஊதுவதற்காகச் சுட்ட மண்ணில் செய்தவை. குவியல் குவியலாகக் கிடக்கின்றன, பெரும்பாலும் உடைந்த துண்டுகள். ஒரு முனை சாதாரணச் சுட்ட மண்ணாக இருக்கும். உலைக்குள் இருந்த முனை மட்டும் வெந்து, உருகி, கறுத்துக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். நடுவில் விரல் நுழைகிற அளவு துவாரம். ஒரு முறை உருக்கினால் குழாய் வீணாகிவிடும், அடுத்த உலைக்குப் புதுசு வேண்டும். அப்படியானால் இந்த இடத்தில் இரும்பு உருக்க எத்தனை பேர், குழாய் செய்து காயவைக்கவே எத்தனை பேர், கரி சுட எத்தனை பேர்! ஒரு தோட்டத்துக்கு வேண்டிய ஆள் அங்கே அன்றைக்கே இருந்திருக்கிறது. பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பார்த்த கங்காணி யாரோ.

அப்பா ஒன்று சொல்வார். ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட காலத்தில், தண்ணீர் வடியக் காண் வெட்டும்போது கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, அளவுக்கு மீறிய கனத்தோடு கற்கள் வரும். யாருக்கும் என்னவென்று தெரியாது. லயத்துக்குக் கொண்டுவந்து தண்ணீர்த் தொம்பின் மூடி காற்றில் பறக்காமலிருக்க மேலே வைப்பார்களாம். எங்கள் வீட்டுத் தொம்பின் மேலும் ஒன்று இருந்தது. அது இரும்புச் சிட்டம். உருக்கிய பிறகு கழிவாக ஒதுக்கியது. சித்த வைத்தியத்தில் மண்டூரம் என்று சொல்வார்களே, அதே வகை. ஆயிரம் வருஷத்துப் பழைய கழிவு எங்கள் குளிக்கிற தண்ணீரைக் காவல் காத்தது.

இத்சிங்குக்கும் முன்னால் இங்கே பேரைப் பொறித்துவிட்டுப் போன ஒரு கப்பல்காரர் இருக்கிறார். புத்தகுப்தர். ஐந்தாம் நூற்றாண்டு. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இன்றைய செபராங் பிறைப் பகுதியில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார். நடுவில் ஒரு தூபி செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் சமஸ்கிருதத்தில், அறியாமையால் வினை சேரும், வினையால் பிறப்பு வரும், அறிவு வந்தால் வினை சேராது, வினை இல்லையேல் பிறப்பில்லை என்கிற சூத்திரம். அப்புறம், ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன் என்று பேர். பயணம் நல்லபடி முடியட்டும் என்ற வேண்டுதல். பிறவியே வேண்டாம் என்கிற தத்துவத்தையும் சரக்கு பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்கிற வேண்டுதலையும் ஒரே கல்லில் வெட்டியிருக்கிறார். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும். லாரி கண்ணாடியில் 'முருகா துணை' எழுதிவிட்டு டீசல் கணக்குப் போடுகிற நம் ஆட்களுக்கு அவர் நெருங்கிய சொந்தம். கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வந்தவர்கள் நம்மைப் பார்த்து எழுதியது ஒரு பக்கம். இங்கிருந்து போனவர்கள் அங்கே எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கு வடக்கே லங்காசுகம் என்றொரு நாடு, இன்றைய தாய்லாந்தின் பட்டாணிப் பக்கம். 515இல் அதன் தூதர் சீனாவின் லியாங் அரசவைக்குப் போனார். அந்த அவையில் வெளிநாட்டுத் தூதர்களைப் படமாகவே வரைந்துவைத்தார்கள். பழைய பிரதி ஒன்றில் லங்காசுகத்தாரும் இருக்கிறார். அவர்கள் நாட்டில் ஆணும் பெண்ணும் முடியை விரித்துப்போடுவார்கள், மேலுடம்பில் சட்டை இல்லை, பருத்தித் துணி உடுத்துவார்கள், ராஜா யானைமேல் வெள்ளைக் குடையோடும் முரசோடும் போவார் என்று லியாங் வரலாறு எழுதுகிறது.

1015இல் சோழ தூதர்களும் சீனாவுக்குப் போனார்கள். ராஜராஜன் அனுப்பிய கோஷ்டி. சோழநாட்டிலிருந்து கண்டன் போய்ச் சேர 1,150 நாள் ஆனதாம். மூன்று வருஷத்துக்கும் மேல்! அரசவைக்குப் போனதும் தட்டில் முத்தையும் நீலப் பச்சைக் கண்ணாடியையும் ஏந்திக்கொண்டு மேலே ஏறி, பேரரசரின் ஆசனத்துக்கு முன்னால் பரப்பிவிட்டு, இறங்கி வந்து வணங்கினார்கள். கையில் கொடுப்பதில்லை, காலடியில் பரப்புவது. மொழி தெரியாத அவையில், நான் என்ன நினைத்து வந்தேன் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்ன.

மா ஹுவானுக்கு வருகிறேன். அட்மிரல் செங் ஹோவின் கப்பற்படையில் மொழிபெயர்ப்பாளராக 1413இல் முதல்முறை கிளம்பிய சீன முஸ்லிம். கண்ணும் காதும் திறந்திருந்த ஆள். மலாக்காவில் வெள்ளீயக் கட்டியைக் காசுபோலப் பயன்படுத்துவதையும், டாமார் பிசினில் விளக்கு எரிவதையும், அரிசி குறைவாக விளைவதையும் எழுதிக்கொண்டே வருகிறார். திடீரென்று, இங்கே புலி மனுஷனாக மாறிச் சந்தைக்குள் வந்து ஜனங்களோடு நடமாடும், அடையாளம் தெரிந்தவர்கள் பிடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று ஒரு வரி! ஈயத்தின் எடை எழுதிய அதே மை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. புலியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது மலாய்க் கம்பத்து, அதாவது கிராமத்துப் பெரியவர்கள் எங்களுக்குச் சொன்னது. 'தோக் பெலாங்' என்பார்கள், கோடு போட்ட தாத்தா. விடியற்காலை நாலரைக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போன எங்கள் பாட்டி, மேட்டு நிரையில் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றதாகவும், கிட்டப் போனதும் லாலான் புல் மட்டும் ஆடியதாகவும் சொல்வார். அது முனியாண்டி என்று எங்கள் லயத்தில் முடிவு. கம்பத்தில் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள்.

மா ஹுவான் மலபார்க் கரையைப் பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்டது. அங்கத்து மக்கள் மாட்டுச் சாணத்தைச் சுட்டு வெள்ளைச் சாம்பலாக்குகிறார்களாம், நல்ல துணியில் சின்னப் பை தைத்து அதில் போட்டு எப்போதும் உடம்போடு வைத்திருக்கிறார்களாம், தினமும் காலையில் முகம் கழுவியதும் தண்ணீரில் குழைத்து நெற்றியிலும் தொடையிலும் மும்முறை பூசுகிறார்களாம். இது புத்தருக்கும் மாட்டுக்கும் காட்டும் மரியாதை என்று விளக்கம் வேறு. எந்தச் சாமியைப் பார்த்தாலும் புத்தர் என்று எழுதுவது அவருக்கு வழக்கம்.

என் தாத்தாவின் சுருக்குப் பை ஞாபகம் வந்தது. ஒரு அறையில் வெற்றிலை பாக்கு, ஒரு அறையில் விபூதி. தொம்புத் தண்ணீரில் முகம் கழுவி, மூன்று விரலால் குழைத்து, கிழக்கே பார்த்துப் பூசுவார். மா ஹுவான் அதிசயம் என்று எழுதியதை நான் தினம் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்புமுன் பார்த்திருக்கிறேன். வினோத வழக்கம் என்று எழுதப்பட்டவர்களின் பக்கம் நின்று படித்தால் நிக்கோபார்த் தீவுக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை.

கோழிக்கோட்டில் வியாபாரம் நடந்த விதத்தை அவர் எழுதியதுதான் என் கணக்கில் அந்த நூலின் மகுடம். சீனக் கப்பலின் பட்டையும் மற்ற சரக்கையும் ராஜாவின் ஆட்களும் செட்டிமாரும் தரகர்களும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து விலை பேசுவார்கள். விலை படிந்ததும் எல்லாரும் கை கோத்துக்கொள்வார்கள். இன்ன மாதம் இன்ன நாள் கைமேல் கை வைத்து முடித்தாயிற்று, கூடினாலும் குறைந்தாலும் இனிமேல் மாற்றுவதில்லை என்று தரகர் சொல்வார். அவ்வளவுதான், முடிந்தது. கணக்குப் போடுவதற்கு அவர்களிடம் மணிச்சட்டம் கிடையாது. கை விரல், கால் விரல் இருபதை வைத்தே போடுகிறார்கள், ஒரு மயிரிழை பிசகுவதில்லை என்று மா ஹுவான் வியந்துபோகிறார்.

எங்கள் தோட்டத்தில் மாடு வளர்த்தவர்கள் நிறைய. தீபாவளிக்கு முன்னால் ஆட்டு வியாபாரியும் வருவார். தோளில் கிடக்கும் துண்டை ரெண்டு பேர் கைமேலும் போட்டுக்கொண்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றி நிற்கிற நாங்கள் விரல் அசைவை வைத்து எத்தனை ரிங்கிட் என்று ஊகிக்கப் பார்ப்போம். திடீரென்று ஒருவர் கையை உதறுவார், இன்னொருவர் திரும்ப இழுப்பார். கடைசியில் துண்டு தோளுக்குப் போனால் ஆடு கைமாறியது என்று அர்த்தம். ஒரு சொல் வெளியே வராது.

இந்த மாதிரி விஷயங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. மொழி தெரியாத ரெண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், நடுவே சரக்கு இருக்கிறது, ரெண்டு பேருக்குமே பயம். அந்த இடத்தில் பிறக்கிறது வழக்கம். சுமத்ராவின் பாருஸ் பக்கம், லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் கூட்டத்தார் வைத்தது. அங்கே வந்து சேரும் கப்பல் நாயகனும் ஆட்களும் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாக வரி கட்டிவிட்டு, அதற்கப்புறம் 'பாவாடை' ஏறலாம் என்று சொல்கிறது. பாவாடை என்றால் விரித்த துணி. நம் கல்யாணத்திலும் திருவிழாவிலும் துணி விரித்து நடக்கவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வரி கட்டினால் மரியாதை, கட்டாவிட்டால் தண்ணீரிலேயே இரு. சுங்கத் துறைக்கு இதைவிட அழகான முறை எனக்குத் தெரியாது.

1409 தேதியிட்ட, இலங்கையின் காலி நகரத்துக் கல்வெட்டு இன்னும் சாமர்த்தியம். செங் ஹோ சீனாவிலேயே செதுக்கி எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் போனது. ஒரே கல், மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனார் என்ற சாமிக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்துக்குக் காணிக்கை. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றேதான். எந்தச் சாமிக்கும் மனத்தாங்கல் வரக் கூடாது. அதே செங் ஹோதான் ரெண்டொரு வருஷத்தில் அங்கத்து ராஜாவோடு சண்டை போட்டுப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியே ராஜேந்திரனுக்கு வந்துவிடலாம், வராமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் கடாரம் என்று வாய் திறந்தால் 1025 என்று பதில் வரும். 'அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி' என்று மெய்க்கீர்த்தி பாடுகிறதே, அது. கம்பீரமான வரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? 1006 வாக்கில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அப்பன் கொடுத்த அடுத்த இருபது வருஷத்தில் மகன் படையெடுத்தான். 1090இல் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, குலோத்துங்கன் அதே விகாரைக்குச் சலுகைகளை உறுதிப்படுத்திப் பட்டயம் கொடுத்தான். சிவன் கோயில் கட்டிய குடும்பம், புத்த விகாரை, கடல் கடந்த ராஜா, வரி இல்லாத நிலம். இதில் படையெடுப்பு ஒரு பருவக்காற்றின் வேலை. மற்றதெல்லாம் தலைமுறைகளின் வேலை. நாம் பேனரில் போடுவது அந்த ஒரு பருவத்தை மட்டும்.

அந்த விகாரையின் கடைசிக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். நம் பக்கமும் சும்மா இல்லை. 2013இல் சுங்கை பத்துத் தோட்டத்தில் பதினோராம் எண் சண்டி, அதாவது பழங்காலக் கோயில், நிலம் மேம்படுத்துகிறவர்களின் இயந்திரத்தில் தரைமட்டமானது. செய்தி வந்தபோது எல்லாரும் கொதித்தோம். அதற்கு முன் அந்தச் சண்டியைப் போய்ப் பார்த்தவர்கள் எங்கள் டவுனில் எத்தனை பேர் என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டும்.

கொஞ்ச நாள் முன்னால் எங்கள் கோயில் கமிட்டியில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போக ஏற்பாடு நடந்தது. மெர்போக் அருங்காட்சியகம், அப்புறம் மேலே புக்கிட் பத்து பகாட் சண்டி, அதன் அடியில் கிடைத்த பொன்னும் மணியும் வைத்த கல் பேழைகள். நல்ல திட்டம். பேனரில் ராஜேந்திரன் படம், பின்னால் யானையும் கப்பலும். தலைவரிடம் போய், புத்தகுப்தர் பேரையும் ஒரு ஓரமாகப் போடலாமே என்றேன்.

"யாரு தம்பி அது, சோழனோட தளபதியா?"

"இல்லண்ணே, கப்பல்காரர். சோழனுக்கு ஐந்நூறு வருஷம் முந்தி."

"படம் இருக்கா?"

"படம் இல்லண்ணே. கல்லுதான். அதுவும் கல்கத்தாவுல இருக்கு."

"படம் இல்லாம எப்படி பேனர் அடிக்கிறது? கடைக்காரன் சிரிப்பான்."

சரி, பேனரை விடுங்கள், வழியில் சுங்கை பத்தில் பஸ்ஸை நிறுத்துங்கள், பிள்ளைகள் துருத்திக் குழாயைப் பார்க்கட்டும், ஒரு மணி நேரம் போதும் என்றேன். அவர் அரை மணி என்றார். நான் முக்கால் என்றேன். கொஞ்ச நேரம் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு, "முக்கால் மணி. ஆனா மெர்போக்ல சாப்பாடு பன்னெண்டரைக்குச் சொல்லியாச்சு, லேட்டானா நீதான் பதில் சொல்லணும்" என்று கையை நீட்டினார்.